ஒன்பது துளைகளும் ஒரு வெள்ளி டேப்பும்

அத்தியாயம் 14

சாப்பாட்டு மேஜையில் மூன்று வாரமாக நடக்கும் கூத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் முதன்முதலாகப் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்கும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஏசி மெக்கானிக். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அவருடைய மகள், நம்ம சின்னவள், டைல்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கரண்டே இல்லாமல் அறையைக் குளிர வைக்கிற கூரை ஓடு செய்கிறாள். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. "உங்க மெஷின் வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டைத் தூக்கித் தெருவுல கொட்டுது. அவ்வளவுதானேப்பா" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள். அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். தட்டை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தார். அன்றோடு பேச்சு நின்றது.

நேர்ப் பேச்சுதான் நின்றது. அண்ணி வழியாகப் பேச்சு உண்டு.

"உன் நாத்தனார்கிட்ட ஃபேனைக் குறைக்கச் சொல்லும்மா" என்பார் அப்பா.

"உங்க மாமாவையே குறைச்சுக்கச் சொல்லுங்க அண்ணி. ரெகுலேட்டர் அவர் தலைக்குப் பின்னாலதான் இருக்கு" என்பாள் சின்னவள்.

அண்ணன் லாரியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அதனால் இந்தப் பஞ்சாயத்து மொத்தமும் அண்ணி தலையில். அவளும் சளைக்கவில்லை. "ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் போட்டுக் குடுங்க, மொழிபெயர்ப்பு வேலை கஷ்டமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஃபேனைக் குறைப்பாள்.

இன்றைக்குத்தான் அந்த நாள். ஓட்டுக்குப் பரீட்சை நாள்.

பரீட்சை நடக்கிற இடம், அண்ணி தைக்கப் போகும் உடுப்பு ஆலைக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் காப்பகம். தைக்கிற பெண்களின் பிள்ளைகள் இருபத்தாறு பேர் பகலில் அங்கேதான். அண்ணியின் இரண்டு வயது மகளும் அதில் ஒருத்தி. கன்னம் இருக்கிற இருப்பில் எல்லோரும் 'உருண்டை' என்றே கூப்பிடுவார்கள். தகரக் கூரை. சென்ற மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பிள்ளைகள் சூடு தாங்காமல் வாந்தி எடுத்து மயங்கிவிட, நகராட்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: பிள்ளைகள் தூங்க ஓர் அறையாவது குளுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடை முடியும்வரை காப்பகத்துக்குப் பூட்டு. பூட்டினால் அண்ணியும் மற்ற அம்மாக்களும் பிள்ளையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். பாதி நாள் கரண்ட் இல்லாத அந்தச் சந்தில் ஏசி வைத்தும் பயனில்லை.

சின்னவள் ஓர் அறையைக் கேட்டாள். கொடுத்தார்கள். ஒரு நாள் கேட்டாள். அதையும் கொடுத்தார்கள். நகராட்சிப் பொறியாளர் அம்மா வைத்த நிபந்தனை எளிது. அருகருகே ஒரே அளவில் இரண்டு அறைகள். ஒன்று தகரக் கூரை, ஒன்று சின்னவளின் ஓடு. மத்தியானம் மூன்று மணிக்கு ஓட்டு அறையில் நான்கு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். மூன்றே முக்கால் என்றாலும் பூட்டுதான்.

* * *

விடிந்ததும் அண்ணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"உங்க அப்பாவைக் காணோம்."

"எங்கே போயிருப்பார், அந்த நாலு மாடிக்குத்தான்" என்றாள் சின்னவள், ஓட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைச் சுற்றி எடுத்தபடி.

நாலு மாடி என்றால் கடைத்தெருவில் நகராட்சிக்குச் சொந்தமான அலுவலகக் கட்டடம். நாற்பது ஏசி. பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்வது அப்பாதான். அந்த நாற்பதில் எது எப்போது இருமும் என்று படுக்கையில் படுத்தபடியே சொல்வார்.

"அங்கே போகலையாம்" என்றாள் அண்ணி. "மேனேஜர் இப்பத்தான் எனக்குப் போன் பண்ணினார். மூணாவது மாடி சூடா இருக்காம். உங்க அப்பா போனை எடுக்கலையாம்."

கோடையில் ஏசி மெக்கானிக் போனை எடுக்காமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் சின்னவளுக்கு அதை யோசிக்க நேரமில்லை. குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

காப்பகத்தில் பொறியாளர் அம்மா முன்னாடியே வந்திருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய கடிகாரம், வீண் பேச்சு கிடையாது. இரண்டு அறையிலும் பிள்ளைகள் பாயில் படுக்கும் உயரத்தில் வெப்பமானி கட்டச் சொன்னார். "மனுஷன் நிக்கிற உயரம் எனக்கு வேண்டாம். தூங்கறது குழந்தைங்க" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே சின்னவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"இது ஏன் இப்படி வெடிச்சிருக்கு?" என்று கூரையைக் காட்டிக் கேட்டார். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். சூளையிலிருந்து எடுத்த முதல் ஓட்டைப் பார்த்து அப்பாவும் அதையேதான் கேட்டார்.

"வெடிப்பு இல்ல மேடம், யானைத்தோல்" என்றாள் சின்னவள். எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு இதைச் சொல்லும்போது குரல் ஏறிவிடும். "யானைக்கு நமக்கு மாதிரி வேர்க்காது. தோல்ல இருக்கிற சுருக்கம்தான் அதைக் காப்பாத்துது. ஒரு தடவை தண்ணில முங்கினா அந்த வரியெல்லாம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். அது மெதுவாக் காயக் காய உடம்புச் சூட்டை இழுத்துக்கிட்டுப் போகும். வழுவழுன்னு இருந்தா தண்ணி ஓடிடும். அதனால என் ஓட்டுலயும் வரி போட்டேன். காலைல ஒரு தடவை நனைச்சா சாயங்காலம் வரைக்கும் ஈரம் இருக்கும்."

"சரி. உள்ளே இருக்கிற சூடு?"

"அதுக்குக் கரையான் புத்து. கீழே நிழல் பக்கமா ஒம்பது ஓட்டை, கூரை முகட்டுக்குக் கீழே பின்பக்கமா ஒம்பது ஓட்டை. சூடு மேலே ஏறி வெளியே போகும். போற இடத்துக்குக் கீழேயிருந்து குளுந்த காத்து வரும். ஃபேன் வேண்டாம்."

பொறியாளர் அம்மா எழுதிக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

* * *

பத்து மணிக்கு இரண்டு டிகிரி வித்தியாசம். நல்ல ஆரம்பம்தான்.

பன்னிரண்டு மணிக்கும் அதே இரண்டு.

சின்னவள் நோட்டை மறுபடி எட்டிப் பார்த்தாள். வெயில் ஏற ஏற வித்தியாசமும் ஏற வேண்டும். சூளைக்குப் பக்கத்தில் கட்டிப் பார்த்த சிறிய கூண்டில் மத்தியானம் ஆறு டிகிரி வரை போயிருக்கிறது. இங்கே நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒரு மணிக்குப் பொறியாளர் அம்மா இரண்டு அறைக்கும் போய்விட்டு வந்து, நோட்டைப் பார்த்தே சொன்னார். "தகரம் முப்பத்தொம்பது புள்ளி ரெண்டு. ஓடு முப்பத்தேழு புள்ளி ஏழு. வித்தியாசம் ஒன்றரை."

"ஏறும் மேடம்."

"இறங்கிட்டு இருக்கும்மா."

சாப்பாட்டு இடைவேளையில் உருண்டைக்கு ஊட்ட வந்த அண்ணி, நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என்னடி ஆச்சு?"

"தெரியல அண்ணி. ஓடு ஈரமாத்தான் இருக்கு. நானே தொட்டுப் பார்த்தேன். வேற எங்கேயோ உதைக்குது."

சின்னவள் காப்பகத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே முன்னறையில் இருபத்தாறு பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலையிலிருந்து இந்தக் கதவுக்குப் பூட்டு என்றால், அதற்குக் காரணம் அவள் ஓடு என்றுதான் ஊர் சொல்லும். ஆறு மாத உழைப்பு போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணியின் முகத்தில் எப்படி முழிப்பது?

"அண்ணி, நூல் இருக்கா?"

தையல்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? அண்ணியின் தோளிலேயே இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு நூலை உருவிக் கொடுத்தாள். சின்னவள் அறையின் நிழல் பக்கமாக ஓடிப் போய், கீழ்த் துளை ஒன்றின் வாயில் நூலைத் தொங்கவிட்டாள். காற்று உள்ளே போனால் நூலும் உள்ளே இழுபட வேண்டும்.

நூல் அசையவே இல்லை.

"உள்ளே வரல. அப்படின்னா மேலே வெளியே போகல" என்றாள். அடுத்த நிமிஷம் ஏணி பின்சுவரில் இருந்தது, அவள் ஏணியில் இருந்தாள்.

முகட்டுக்குக் கீழே துளைகளைக் காணவில்லை. ஒன்பது துளை இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஒன்பது வெள்ளிச் சதுரங்கள் வெயிலில் மின்னின. துளைகள் சாய்வாகப் போவதால் உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் அங்கே எப்போதும் இருட்டுதான். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளி டேப்பை அவளுக்குத் தெரியும். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற டேப். அவர்கள் வீட்டில் அது இல்லாத அலமாரி கிடையாது.

"என்னடி இருக்கு அங்கே?" என்று கீழேயிருந்து அண்ணி கேட்டாள்.

"உங்க மாமா இருக்கார்" என்றாள் சின்னவள். "காலைல போனை எடுக்காம எங்கே போனார்னு கேட்டீங்கள்ல. இங்கேதான் வந்திருக்கார். நான் தோத்துப் போகணும்னு வந்து அடைச்சிட்டுப் போயிருக்கார்."

"மாமாவா? சும்மா உளறாதே."

"வந்து பாருங்க."

கண்ணில் நீர் முட்ட, நகத்தால் முதல் டேப்பைப் பிய்த்தாள். முழுசாக வரவில்லை. அடியில் இன்னொரு டேப் குறுக்காக. அதற்கும் அடியில் ஃபோம், துளைக்குத் தகுந்த மாதிரி வட்டமாக வெட்டி, சுற்றிலும் பசை தடவிப் பொருத்தியிருந்தது. மூலைகள் நாலும் மடித்து, நாணயத்தால் தேய்த்து அழுத்தியிருந்தன.

அவள் கை நின்றது.

பத்து வயதில் ஸ்கூல் லீவில் அப்பா பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு அலைந்தவள் அவள். அப்பா நாணயத்தால் தேய்ப்பது எப்போது என்று அவளுக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் தேய்க்க மாட்டார். ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறை, கைக்குழந்தை இருக்கிற வீடு, இந்த மாதிரி இடங்களில் மட்டும்தான். கெடுக்க வந்தவன் ஒரு கந்தலைச் சுருட்டித் திணித்துவிட்டுப் போயிருப்பான். ஒன்பது துளைக்கும் மூலை மடித்துக்கொண்டு யார் உட்காருவார்கள்?

"பாப்பா, அதை ஏன் பிரிக்கிற?"

மூன்று வாரம் கழித்து அந்தக் குரல் நேராக அவளிடம் வந்தது. கீழே அப்பா நின்றார், கையில் பை, முகமெல்லாம் வேர்வை. காலையிலிருந்து எதிர் மரத்தடியில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தாராம். உள்ளே வர வெட்கம்.

"கஷ்டப்பட்டு அடைச்சிருக்கேன். பிரிச்சிடாதே."

"ஏம்ப்பா அடைச்சீங்க?"

"நேத்துச் சாயங்காலம் இந்தப் பக்கமா வந்தேன், சும்மா பார்க்கலாம்னு. பார்த்தா மேலே ஒம்பது ஓட்டை. கொத்தனார் பூசாம விட்டுட்டான்னு நினைச்சேன். குளுமை மொத்தமும் அது வழியாப் போயிடுமே, நாளைக்கு என் பொண்ணு மானம் போயிடுமேன்னு தூக்கமே வரல. அதான் அஞ்சு மணிக்கே வந்து..." சொல்லிக்கொண்டே வந்தவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "ஏன்? அது வேணும்னே விட்டதா?"

எந்த அறைக்குப் போனாலும் முதல் வேலையாகக் கதவைச் சாத்துகிற மனுஷன் அவர். சொந்தக்காரர் கல்யாண மண்டபத்திலேயே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவர். முப்பத்தோரு வருஷமாக அவர் கற்றது ஒன்றே ஒன்றுதான்: இடுக்கு இருந்தால் அடை. வேறு யார் வந்திருந்தாலும் அந்தத் துளைகளை அடைக்கத் தோன்றியே இருக்காது.

"அது சூடு போற வழிப்பா" என்றாள் சின்னவள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "உங்க மெஷின்ல பின்னாடி சூட்டுக் காத்து வருமே, அதை அட்டை வெச்சு மறைச்சா என்ன ஆகும்?"

"மூச்சு முட்டி நின்னுடும்" என்றார் அப்பா. சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது. பையைத் திறந்து கத்தியை எடுத்துவிட்டார். "இறங்கு. நான் ஒட்டினது உன் நகத்துக்கு வராது."

"ஒரு நிமிஷம்" என்றது ஒரு குரல். பொறியாளர் அம்மா, நோட்டோடு. "பரீட்சை நடக்கும்போது அறையில எதையும் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"சேர்க்கல மேடம். எடுக்கறோம்" என்றாள் சின்னவள்.

"யார் அடைச்சது?"

"நான்தான் மேடம்" என்றார் அப்பா, ஏணியில் நாலாவது படியிலிருந்து. "இவ அப்பா. இவளுக்குத் தெரியாது. தப்பு என்னோடது, எழுதிக்கோங்க. ஆனா மணி ஓடுது, நான் மேலே போகலாமா?"

பொறியாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பது. எழுதிக்கொண்டார். "போங்க" என்றார்.

* * *

அப்பா வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் ஆச்சரியமாக இருக்காது. கத்தி முனை டேப்புக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றும், பசையோடு ஃபோம் வட்டமாகக் கையில் வரும், சின்னவள் கீழே பிடிப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணி ஆலைக்குத் திரும்புகிற மணி அடித்தும் போகவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு நிழல் பக்கச் சுவரோரம் குந்தியிருந்தாள்.

ஐந்தாவது துளை திறந்தபோது அங்கேயிருந்து குரல் வந்தது. "ஆடுதுடி."

ஏழாவதில், "உள்ளே போகுது. நூல் உள்ளே போகுது. மாமா, இழுக்குது மாமா."

ஒன்பதாவது துளை திறந்ததும் அப்பா அதற்கு நேராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடான காற்று விரல் இடுக்கில் புகுந்து வெளியே ஓடியது. தினமும் ஏசியின் முதுகுப் பக்கம் கை வைத்துப் பார்க்கிற கை அது. "சத்தமே இல்லாம ஓடுதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மோட்டர் எங்கே இருக்கு பாப்பா இதுக்கு?"

"மேலே பாருங்க" என்று சின்னவள் சூரியனைக் காட்டினாள்.

இரண்டு மணிக்கு இரண்டரை டிகிரி. இரண்டரை மணிக்கு மூன்று புள்ளி நாலு. யாரும் உட்காரவில்லை. அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நாலு மாடி மேனேஜர். அவர் சட்டைப்பைக்கு மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டு வெப்பமானியையே பார்த்தார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அண்ணி பதறினாள். உருண்டையைக் காணோம். முன்னறையில் இல்லை. எல்லோரும் தேட, அவள் ஓட்டு அறைக்குள் கீழ்த் துளைகளுக்கு முன்னால் வெறும் தரையில் குப்புறக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடையில் அந்தப் பிள்ளை மத்தியானம் தூங்கியது அன்றைக்குத்தான்.

பொறியாளர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் உள்ளே போனார். குழந்தையைத் தாண்டிக் குனிந்து பார்த்தார். தகர அறைக்குப் போனார். திரும்பி வந்தார்.

"தகரம் நாப்பத்தொண்ணு புள்ளி ஒண்ணு" என்றார். "ஓடு முப்பத்தாறு புள்ளி எட்டு."

அண்ணி விரல் விட்டுக் கழித்தாள். சின்னவளுக்குக் கணக்கே ஓடவில்லை. அப்பாதான் சொன்னார். "நாலு புள்ளி மூணு."

அண்ணி நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்னவளும் அழுதாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பூட்டு கிடையாது" என்றார் பொறியாளர் அம்மா. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஓட்டையை அடைச்சு வெச்சா ஒன்றரை, திறந்தா நாலு புள்ளி மூணு. ஒரே நாள்ல ரெண்டையும் காட்டணும்னு எனக்கே தோணல. உங்க தப்பை அறிக்கையில அப்படியே எழுதப் போறேன், கோவிச்சுக்காதீங்க."

"பெரிய எழுத்துல எழுதுங்க மேடம்" என்றார் அப்பா.

பொறியாளர் அம்மா நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "இங்கே தேறினா அடுத்து எந்தக் கட்டடத்துக்கு இந்த ஓடு போடறதுன்னு நகராட்சியில முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. இந்தாம்மா." சின்னவளின் இரண்டு கையிலும் பசையும் ஃபோமும். அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் போனுக்குப் பின்னால் வைத்தார்.

"எந்த இடம்ப்பா?" என்றாள் சின்னவள்.

"நல்ல இடம்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தார். வந்தவுடன், முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகப் பின்னால் போய்க் கதவைச் சாத்த இழுத்தது.

பாதியில் நின்றார். கதவை அகலத் திறந்தார். அது திரும்பச் சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் பையை அதற்கு முட்டுக்கொடுத்து வைத்தார். அந்தப் பையைத் தரையில் விட்டுவிட்டு அவர் இரண்டடி நகர்ந்து அண்ணிகூடப் பார்த்ததில்லை.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"சொல்லுங்க மேனேஜர் சார். ஆமாம், மூணாவது மாடி. தெரியும்." சிறிது நேரம் எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்டார். சட்டைப்பையில் இருந்த தாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல வரேன் சார். உங்க கட்டடத்துப் பேர் போட்டு நகராட்சித் தாள் ஒண்ணு என் பையில இருக்கு. உங்க நாப்பது ஏசியைப் பத்தியும் பேசணும். தனியா வரல. என் பொண்ணையும் கூட்டிட்டு வரேன்."